குறுக்கே பேசினால்தான் வேகும் ரொட்டி

அந்த வீட்டு ஓவனின் கதவை மூட ஓர் ஆள் வேண்டும். கொண்டி உடைந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒரு மரநாற்காலியை அதன் முதுகு கதவில் படும்படி போட்டு, அதில் யாராவது நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் கதவு மூடிக்கொள்ளும். எழுந்தால் திறந்துகொள்ளும். அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தார்கள், பெரிய பூசணிக்காயை வைத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. மூட்டை உட்காரும், சாயாது. அலுத்துப்போய்ச் சாய்வதற்கு மனிதப் பிறவிதான் லாயக்கு.

ஓவனைச் செய்து கொடுத்தவன் அந்த வீட்டுப் பெரிய மருமகளின் அண்ணன், கப்பல் பட்டறையில் வெல்டர். தங்கச்சி கல்யாணத்துக்கு நகை கொண்டுவருவான் என்று எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, லாரியில் ஓர் இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கினான். உடைத்துப் போட்ட கப்பலின் தகடு, அதே கப்பலின் கதவு, அடியில் காஸ் பர்னர். இரும்புக்குக் கடல் ஞாபகம் இன்னும் போகவில்லை என்றும், பெரிய மழை பெய்தால் ஓவன் லேசாக ஆடும் என்றும் தெருவில் பேச்சு உண்டு. அது ஆடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் பொய்யே சொல்லாதவர்.

கொண்டியைப் பழுது பார்த்துத் தருகிறேன் என்று அவளுடைய கொழுந்தனார் எத்தனையோ முறை கேட்டுவிட்டார். மாடியில் குடியிருக்கும் அவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், எறும்புக்குக் கால் ஒடிந்தாலும் ஒட்டவைக்கிற விரல்கள். அவள் விடவில்லை. காரணம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தவர், உள்ளே இருப்பது வேகும்வரை எழுந்திருக்க முடியாது. எழுந்தால் கேக் அமுங்கிப்போகும், அந்தப் பாவம் யாருக்கு வேண்டும்? அந்த நேரத்தில் அவள் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஒரு கேள்வி கேட்பாள். காலேஜுக்குப் போன பெண் காலேஜுக்குத்தான் போனாளா, இரவல் வாங்கிப் போன பாத்திரம் எங்கே போனது, எல்லாம் தானாக வெளியே வரும். அதனால் தெருவே அவளைக் 'கமிஷனர்' என்று கூப்பிட்டது. அவளுக்கும் அந்தப் பட்டம் பிடித்திருந்தது. இடுப்பில் சொருகிய கைத்துண்டும் கையில் கரண்டியுமாக அவள் நிற்கிற தோரணைக்கு வேறு பெயர் ஒட்டவும் ஒட்டாது.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கு மட்டும் நாற்காலி அவள் வீட்டுக்காரருக்கு. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் சோபாவில் உட்கார்ந்தால் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் அந்தக் கதையை ஆரம்பிப்பார். இறக்கத்தில் பிரேக் போன பஸ்ஸை அவர் நிறுத்திய கதை. அதுதான் அவளுக்குக் கடிகாரம். ஓவன் சூடு ஏறினால் முதுகு சுட்டு அவர் கதையை விரட்டுவார். சூடு இறங்கினால் வழியில் டீ குடித்துவிட்டுத்தான் பஸ்ஸை எடுப்பார். காஸ் எரிகிற லட்சணத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிற இப்படியொரு கடிகாரம் எந்தக் கடையில் கிடைக்கும்?

ஆனால் கதையை அவர் தனியாகச் சொல்வதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி, அந்த மாடி வாட்ச்காரர், உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருந்தவர், அப்போது மீசை அரும்பாத வயது.

"மழைன்னா மழை, அப்படி ஒரு மழை..."

"தூறல், அண்ணா."

"பஸ்ஸுல மூச்சு விட இடமில்லை..."

"கடைசி சீட்டு காலி. நான் கால் நீட்டித் தூங்கிட்டு வந்தேன்."

"இறக்கம் எப்படி? செங்குத்தா, கிணறு மாதிரி..."

"எதிர்ல ஒருத்தர் பால் கேனோட சைக்கிளை மிதிச்சு ஏறிட்டிருந்தார், அண்ணா."

இப்படியே இழுபறியாகப் போய்க் கடைசியில், "ஓரமா ஒரு மணல் குவியலைப் பார்த்தேன். திருப்பினேன். நின்னுடுச்சு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை" என்று டிரைவர் முடிப்பார். அதற்கு மட்டும் வாட்ச்காரர் திருத்தம் சொல்ல மாட்டார். தலையை ஆட்டி, "அது சரி" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவள் கைத்துண்டை எடுப்பாள். ரொட்டி வெந்திருக்கும். தட்டினால் மத்தளம் மாதிரி ஒலிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ச்காரர் தன் கடை முதலாளியைச் சாப்பிடக் கூட்டிவந்தார். அங்கேதான் வினை. புது ஆளைப் பார்த்ததும் டிரைவருக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. அன்றைக்குக் கதையில் இடியும் இடித்தது, மரமும் விழுந்தது. தம்பி வழக்கம்போல, "தூறல், அண்ணா" என்றதும் முதலாளி கலகலவென்று சிரித்துவிட்டார். டிரைவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"உனக்கென்னடா தெரியும்? நீதான் சீட்டுக்கு அடியில பூந்துக்கிட்டு 'அம்மா, அம்மா'ன்னு கத்திட்டிருந்தியே!"

முதலாளி இன்னும் பலமாகச் சிரித்தார். வாட்ச்காரர் சிரிக்கவில்லை. "இனிமே நான் வாயைத் திறக்கலை" என்றார், திறக்கவில்லை. கதை பாதி இறக்கத்திலேயே நின்றது. டிரைவர் விருட்டென்று எழ, ஓவன் கதவு திறந்துகொள்ள, ரொட்டி உள்ளே வேகாமல் களியாக வெளியே வந்தது. முதலாளி மரியாதைக்கு ஒரு துண்டு மென்றார். அது இன்னும் அவர் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் ஓரகத்தி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு குடும்பத்துக்கும் சமையல் கீழேதான். சின்னவள் காய் நறுக்குவாள், பெரியவள் அடுப்பைப் பார்ப்பாள். அன்றைக்குச் சின்னவள் கத்தியை எடுக்காமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அவரு புது அடுப்பு சொல்லி வச்சிருக்காராம். வெள்ளிக்கிழமை வந்துடுமாம். வர்ற ஞாயித்துக்கிழமையிலேருந்து மாடியிலேயே ஆக்கிக்கலாம்ங்கறாரு."

கமிஷனர் பருப்பைக் களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. 

"நீ என்ன சொல்றே?"

"நான் என்னக்கா சொல்றது? கடையில இவர் கீழே விழுந்த திருகாணியைத் தேடக் குனிஞ்சாப் போதுமாம், 'என்ன, பிரேக் பிடிக்கலையா'ன்னு எல்லாரும் கேக்கறாங்களாம். நாளெல்லாம் குனிஞ்சு தேடற வேலை, அக்கா அது!"

"ஓ" என்றாள் கமிஷனர். "சரி, அடுப்பு வரட்டும். அதுவரைக்கும் இந்தப் பீன்ஸை நறுக்கு."

அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த வீட்டில் சோறு இரண்டு இடத்தில் வேகப்போவதில்லை. எப்படி என்பதுதான் இன்னும் தெரியவில்லை. தெரிந்துவிடும். மாவு பொங்க நேரம் எடுப்பதில்லையா?

அன்றைக்குப் பருப்பும் பீன்ஸ் பொரியலும். மாடிக்குத் தூக்குப் பாத்திரத்தில் போயிற்று, வாட்ச்காரர் இறங்கி வரவில்லை. மறுநாள் முட்டைக் குழம்பு, அவருக்குப் பிடித்தது. வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்துவைத்துத் தாளித்தாள். அடுக்களை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அங்கே பேசுவது, தாளிப்பது, பெருமூச்சு விடுவது எல்லாம் படி வழியாக நேரே மாடிக்கு ஏறிவிடும். வாசனை போயிற்று, ஆள் வரவில்லை. பாத்திரம் மட்டும் சுத்தமாகத் துடைத்து வந்தது. ஆக, கோபம் வயிற்றுக்குள் இறங்கவில்லை. நல்ல அறிகுறி.

புதன்கிழமை ரொட்டி மறுபடி போட்டாள். போன ஞாயிறு கெட்டது மாவாலா, ஈஸ்டாலா, இல்லை கையாலா என்று தெரிய வேண்டாமா? டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து கதை சொன்னார். மழை கொட்டிற்று. யாரும் தூறல் என்று சொல்லவில்லை. பஸ் நிரம்பி வழிந்தது. யாரும் கடைசி சீட்டில் தூங்கவில்லை. மணல் குவியல் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. "நின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டு டிரைவர் எதிர்ப்பக்கக் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு எழுந்துவிட்டார்.

வெட்டினால், உள்ளே ஈரம்.

கமிஷனர் அந்தத் துண்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள். மாவு மேல் தப்பில்லை. கதை மட்டும் என்றால் கேக் வேகும். ரொட்டி வேக வேண்டுமென்றால் அண்ணன் புளுகும் வேண்டும், தம்பி திருத்தமும் வேண்டும். இத்தனை வருஷமாக அவள் பாதி நேரத்தைக் கொழுந்தனாரிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், அது தெரியாமலே.

"என்ன, மறுபடி களியா?" என்றார் டிரைவர்.

"உங்க கதை சுருங்கிப்போச்சுங்க."

"அவன் இல்லேன்னா சுருங்காம? ஒவ்வொரு வளைவுலயும் சண்டை போட்டுப் போட்டு வந்த பஸ்ஸு. இப்ப ரோடு காலியா கிடக்கு. ஓட்டவே பிடிக்கலை."

"அப்ப மேல போய் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நான் பெரியவன். நான் எப்படிப் போய்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், வலது காலால் தரையை அழுத்தினார்.

வேறு ஆளை வைத்துப் பார்க்கலாமே என்றும் அவள் யோசிக்காமல் இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரம்மாவை உட்காரவைத்தாள். அந்த அம்மாள் மருமகள் புராணத்தை எடுத்தாள். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. கேக் கருகி, தையல்காரம்மாவின் ரவிக்கை முதுகு பழுத்து, புகை தெருமுனை வரை போய் இரண்டு பேர் பக்கெட்டோடு ஓடி வந்தார்கள். அந்தம்மாள் அப்போதும் எழவில்லை. "இருங்க, அவ அதுக்கு என்ன சொன்னான்னு கேளுங்க" என்றாளாம்.

கொழுந்தனார் மகளை உட்காரவைத்தாள். அவள் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. "அடியே, எதாவது சொல்லேன். வேகணும்" என்று கெஞ்சியும், "என்ன பெரியம்மா சொல்ல?" என்று கேட்டுவிட்டு மறுபடி புதைந்துவிட்டாள்.

செய்தி மாடிக்குப் போயிருக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் சின்னவள் ஒரு பளபளக்கும் அலாரக் கடிகாரத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"அவரு குடுத்தனுப்பினாரு, அக்கா. ரொட்டிக்கு வச்சுக்கச் சொன்னாரு. இது ஒரு நிமிஷம் கூடப் பொய் சொல்லாதாம்." கொஞ்சம் தயங்கி, "யார் மாதிரியோ இல்லாமன்னு சேர்த்துச் சொல்லச் சொன்னாரு" என்றாள்.

டிரைவர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். கமிஷனர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஆக, மாடியிலும் ஓர் ஆள், கீழே ரொட்டி வேகவில்லையே என்று உட்கார்ந்திருக்கிறார். பொய் என்றால் அங்கே இன்னும் அரிக்கிறது.

அவள் தோசையைத் திருப்புகிற வேகத்தில் விஷயம் மனதில் புரண்டு விழுந்தது. கொழுந்தனாரிடம் மன்னிப்புக் கேட்டால், 'பரவாயில்லை அண்ணி' என்பார், மாடியை விட்டு இறங்க மாட்டார். அழுதால், சின்னவளை அனுப்புவார். ஆனால் ஒரு பொய்யைக் காதால் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது? பக்கத்து வீட்டு ரேடியோ மணி தப்பாகச் சொன்னால் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து திருத்துகிற மனிதர் அவர்.

வெள்ளிக்கிழமை அடுப்பு வந்தது. நான்கு பர்னர், கண்ணாடி மூடி, அட்டைப்பெட்டியில் படம் வேறு. தூக்கிவந்தவர்களுக்கு கமிஷனரே தண்ணீர் கொடுத்தாள். மாடிக்குப் போய் அடுப்பைச் சுற்றிவந்து பார்த்து, "நல்லா இருக்கு. தீ நீலமா எரியுது" என்று வாயாரச் சொன்னாள். வாட்ச்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வாட்சுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். வாட்ச் மூடியிருந்தது.

"அண்ணிக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?" என்றார், நிமிராமல்.

"எனக்கென்ன வருத்தம் தம்பி? ஞாயித்துக்கிழமை முதல் சமையலா? நல்லா ஆக்கிச் சாப்பிடுங்க. நாங்க கீழே எங்க பாட்டுக்குக் கதை பேசிட்டிருப்போம்."

சனிக்கிழமை எலுமிச்சை பிஸ்கட் சுட்டாள். அதற்குக் கதையே தேவையில்லை, ஒரு நல்ல கொட்டாவி போதும். பிஸ்கட் தட்டை டிரைவர் முன்னால் வைத்து எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் கதையை நான் சொல்ற மாதிரி சொல்லணும்."

"எப்படி?"

சொன்னாள். டிரைவர் கடித்த பிஸ்கட்டோடு அப்படியே இருந்தார்.

"அடியே, அது அண்டப்புளுகு!"

"இத்தனை வருஷமா நீங்க சொன்னது என்னவாம்?"

"அது... கொஞ்சம் மசாலா. இது அடியோட மாத்தறது. பஸ்ஸை நிறுத்தினது நான். எனக்கு இருக்கறதே அந்த ஒரு கதை."

"தெரியும். அதைத்தான் நாளைக்கு ஒரு தடவை அவருக்குக் குடுங்கன்னு சொல்றேன். திரும்பி வரும்."

"வரலேன்னா?"

"வரும்" என்றாள் கமிஷனர். தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை. கீழே ஓவனில் ரொட்டி. மாடியில் புது அடுப்பில் சின்னவள் பருப்பு போட்டிருக்கிற ஓசை. டிரைவர் நாற்காலியில் சாய்ந்தார். கதவு மூடியது. கமிஷனர் படிப்பக்க ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவர் தொடங்கினார். பஸ் ஸ்டாண்டில் பேசிப் பழகிய குரல், மாடிக்கு ஏறப் படியே தேவையில்லை.

"அன்னிக்கு மழைன்னா மழை, பஸ்ஸுக்குள்ள மீனு துள்ளுச்சு!"

மாடியில் ஏதோ ஸ்டூல் நகர்ந்தது.

"கூட்டமோ கூட்டம். என் மடியிலயே ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க."

மேல்படியில் ஒரு காலடி. கமிஷனர் கேரட்டைச் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பிரேக்கு போச்சு. நான் என்ன பண்ணேன்? ஸ்டீயரிங்கை விட்டுட்டுக் கண்ணைப் பொத்திக்கிட்டேன்!" இந்த இடத்தில் டிரைவரின் வலது கால் தரையை அழுத்தியது. தொடர்ந்தார். "அப்பத்தான் என் தம்பி எழுந்தான். சின்னப் பையன். பாய்ஞ்சு வந்து ஸ்டீயரிங்கைப் புடிச்சான்..."

நடுப்படி கிறீச்சிட்டது.

"ஒத்தைக் கையால புடிச்சான்! இன்னொரு கையை ஜன்னலுக்கு வெளியே விட்டு டயரைப் புடிச்சு நிறுத்தினான்!"

"அண்ணா!"

வாட்ச்காரர் அடுக்களை வாசலில் நின்றார். பூதக்கண்ணாடி இன்னும் ஒரு கண்ணில் இருந்தது. அதனால் ஒரு கண் சாதாரணமாகவும் ஒரு கண் பூசணிக்காய் அளவிலும் கோபப்பட்டது.

"என்னண்ணா இது? காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

"நீதான்டா நிறுத்தினே. நான் தெரு முழுக்கச் சொல்லப்போறேன். உன் கடைக்கு வந்து சொல்றேன்."

"நான் எங்கே நிறுத்தினேன்? நான் சீட்டுக்கு அடியில இருந்தேன்!"

"இல்லை. நீ டயரை..."

"சீட்டுக்கு அடியில, அண்ணா! பயந்து போய் உள்ளே பூந்துட்டேன். அம்மா, அம்மான்னு கத்தினேன்தான். மழை இல்லை, தூறல். மீனும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீங்க ஸ்டீயரிங்கை விடவே இல்லை. மூணு வளைவு. மூணையும் நீங்கதான் ஒடிச்சீங்க. நான் அடியிலேருந்து உங்க காலைத்தான் பார்த்துட்டிருந்தேன். பிரேக்கு இல்லைன்னு தெரிஞ்சும் அழுத்திக்கிட்டே இருந்தீங்க." அவர் மூச்சு வாங்கினார். காலி நாற்காலியை இழுத்துத் தன்னையறியாமல் உட்கார்ந்தார். "மணல் குவியலைப் பார்த்தது நீங்க. திருப்பினது நீங்க. நின்னுச்சு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை."

 டிரைவர் தம்பியைப் பார்த்தார். முதுகு நன்றாகச் சுட்டிருக்க வேண்டும், ஆனாலும் அசையவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அது சரி" என்றார்.

கமிஷனர் கைத்துண்டை எடுத்தாள்.

"எழுந்திருங்க, எழுந்திருங்க. மூணு வளைவுல ரொம்ப நேரம் நின்னுட்டீங்க ரெண்டு பேரும்."

ரொட்டியை எடுத்து மேஜையில் வைத்து முதுகில் தட்டினாள். மத்தளம் ஒலித்தது. அதே நேரம் சின்னவள் கையில் கரண்டியோடு படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அக்கா, மேல பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு."

"எப்படிப் போச்சு? அடுப்பு முன்னால தானே இருந்தே?"

"படியில நின்னு கதை கேட்டுட்டிருந்தேன்" என்றாள் சின்னவள்.

"அப்ப தட்டை எடுத்துப் போடு. அஞ்சு தட்டு. நாளைக்கு அந்த அடுப்பைக் கீழே இறக்குங்க. எனக்குப் பர்னர் பத்தலை."

சின்னவள் தட்டுகளை அடுக்கினாள். டிரைவர் ரொட்டியின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, "கொஞ்சம் முறுகலா வந்திருக்கு, நல்லா இருக்கு" என்றார்.

வாட்ச்காரர் பூதக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"கருகியிருக்கு, அண்ணா."